ஆறு மணிக்கு மீன் கிடையாது

அத்தியாயம் 4

வயிற்றெரிச்சலில் எத்தனை வகை உண்டு என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எங்கள் அலுவலகக் கண்ணாடிக் கதவில் 'வெர்லீன் க்ரம்ப், தனியார் துப்பறிவாளர்' என்று தங்க எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சாண் இடம் காலி. அங்கே 'ட்யூயி பாக்ஸ்லி' என்று எழுத ஒரு பெயின்டருக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் நான் இன்னும் பயிற்சி உரிமத்தில் இருக்கிறேன். நாற்பத்தேழு வயதில், பாதி முடி கொட்டிய பிறகு, பயிற்சி! அந்தக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு காலையும் எனக்குள் ஏதோ புகைகிறது.

வெர்லீனுக்கு வயது அறுபத்தொன்று. உரிமத் தேர்வு அறைகளில் இருபது வருடம் கண்காணிப்பாளராக இருந்தவர். காப்பியடிக்கிறவனை முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார். அந்தக் கண்ணோடுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை லெனோரா டாக்கெட்டின் வீட்டில், அவர் அலுவலக மேசை முன்னால் உட்கார்ந்து மொட்டைக் கடிதத்தின் நகலைப் படித்துக்கொண்டிருந்தார்.

லெனோரா வீடு விற்கும் தரகர். இருபத்திரண்டு வருடம் கென்டக்கியில், லெக்சிங்டன் நகரத்தில் விற்றவர். இந்த வசந்தத்தில்தான் தன் உரிமத்தை எங்கள் ஃப்ளோரிடாவுக்கு மாற்றிக்கொண்டு, மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் செயின்ட் ஆல்பன் கடற்கரைக்கு வந்திருந்தார். வந்த மூன்றாவது வாரமே நாலு வீடு விற்றாயிற்று. ஊரே மூக்கில் விரல் வைத்தது. ஐந்தாவது வாரம் மாநில உரிமத் துறைக்கு இந்தக் கடிதம் போயிருந்தது.

"சத்தமா படிங்க பாஸ். எனக்குக் காதுலதான் மூளை" என்றேன்.

வெர்லீன் படித்தார். "'வெளிமாநிலத்தவர் வழியில் உரிமம் கேட்பவர், மனு செய்யும் நாளில் இந்த மாநிலவாசியாக இருக்கக் கூடாது. தொடர்ந்து நான்கு மாதம் இங்கே வசித்தவர் மாநிலவாசியே. லெனோரா டாக்கெட் அக்டோபர் நான்காம் தேதியே இங்கே வீடு வாங்கிக் குடியேறிவிட்டார். மனு செய்தது பிப்ரவரி இருபது. அவர் பொய்யாக உறுதிமொழி கொடுத்திருக்கிறார்.'"

"வீடு வாங்கினது நிஜம். குடியேறினது நிஜமில்ல" என்றார் லெனோரா. சிவந்த முடி, கறாரான தாடை. "நான் மார்ச் வரைக்கும் லெக்சிங்டன்லதான் இருந்தேன். அத்தனை காகிதமும் துறைக்கு அனுப்பினேன். நடுவுல எட்டு தடவை இங்க வந்து போனது மட்டும்தான் அவங்க கண்ல படுது. தினமும் ராத்திரி லைட் எரிஞ்சுதே, மின்சாரம் ஓடுதே, உங்க பேர்லதானே இருக்கு, அப்புறம் யார் இருந்தாங்கன்னு கேக்கறாங்க."

"யார் இருந்தாங்க?"

"நான்தான்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கூடவே ஒரு பெரிய கிண்ணம் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் வந்தன. கொண்டுவந்தவர் ஹார்லன் டாக்கெட், லெனோராவின் கணவர். நெட்டையான மனிதர், மீன்பிடிக்கிற தொப்பி. "வீடு ரிப்பேர் பண்ண நான் முன்னாடியே வந்துட்டேன். சத்தியப் பத்திரம்கூட எழுதிக் குடுத்துட்டேன். ஆனா புருஷன் பொண்டாட்டிக்குச் சொல்ற சாட்சிய யாரு நம்புவா?" மணிக்கட்டைப் பார்த்தார். "பன்னெண்டாச்சு. வயித்துக்கு எதையாவது போட்டுட்டுப் பேசுங்க."

பத்தரைக்குத்தான் காரில் இரண்டு டோனட் தின்றிருந்தேன். இருந்தாலும் என் வயிறு யாரையும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. தட்டை நீட்டினேன்.

சாப்பிடும்போது அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் பழைய விளம்பரப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. 'டாக்கெட் & டாக்கெட், லெக்சிங்டன்' என்று போட்டு, கணவனும் மனைவியும் தோளோடு தோள் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே தரையில் புதுப் பலகைகள் ஒரு கட்டு. அதில் லெனோரா மட்டும். படத்தை வலது ஓரத்துக்குத் தள்ளி, இடது பாதியை வெறும் வெள்ளையாக விட்டிருந்தார்கள். அச்சடித்தவன் சரியான கத்துக்குட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க மூஞ்சி எங்க சார்?" என்று ஹார்லனிடம் கேட்டேன்.

"உரிமம் இல்லாதவன் மூஞ்சிய தரகர் போர்டுல போடக் கூடாது தம்பி. சட்டம்." சிரித்தார். "நான் ரிட்டயராயிட்டேன். மீன் பிடிக்கிறேன். இனிமே ஸ்டார் அவதான்."

லெனோரா சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். பிறகு வெர்லீனைப் பார்த்துச் சொன்னார். "இன்னும் மூணு நாள்தான் டைம் இருக்கு மிஸ் வெர்லீன். வெளி ஆள் சாட்சி ஒண்ணு வேணும். இல்லைன்னா இந்த உரிமம் போச்சு. பொய் உறுதிமொழின்னு பதிவாச்சுன்னா கென்டக்கி உரிமமும் போச்சு. எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது. இதை எழுதினது யாருன்னும் எனக்குத் தெரியணும்."

"யாரா இருக்கும்னு நினைக்கறீங்க?"

"ஊருக்கே தெரியுமே" என்று ஹார்லன் முந்திக்கொண்டார். "மார்வெல்லா ஸ்ட்ரவுட்."

மார்வெல்லாவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்து பெஞ்சு எல்லாவற்றிலும் அவர் முகம்தான். முப்பது வருடமாக ஊரே அந்த முகத்தின் மேல் உட்கார்ந்துதான் பேருந்துக்குக் காத்திருக்கிறது.

நாங்கள் அவர் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"அந்தக் கென்டக்கிக்காரி விஷயமா வந்தீங்களா? எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல. முதல்லயே சொல்லிடறேன்."

"நாங்க இன்னும் வணக்கமே சொல்லல மேடம்" என்றேன்.

"மூணு வாரத்துல நாலு வீடு! அதுல ஒண்ணு என் சித்தி பொண்ணோட வீடு. ரத்த சொந்தம்! ஞாயித்துக்கிழமை சர்ச்ல என் பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடறா, திங்கக்கிழமை அந்தக் கென்டக்கிக்காரிகிட்ட சாவியக் குடுக்கறா. அவ தலைமுடி நிஜமா சிவப்புன்னு நினைக்கறீங்களா? எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல."

வெர்லீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளையிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டார். "உரிமப் பரீட்சை ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே உங்களுக்கு?"

"கேக்கறீங்களா! அறுபத்து மூணு மணி நேரம் க்ளாஸ். அப்புறம் நூறு கேள்வி. ரெண்டு தடவை... ஒரு தடவை எழுதினேன்."

"பாவம். லெனோரா நாப்பது கேள்வியோட முடிச்சுட்டாங்க."

மார்வெல்லாவின் வாய் திறந்தபடியே நின்றது. "நாப்பதா?"

"கென்டக்கி உரிமம் இருந்தா க்ளாஸ் வேண்டாம். நாப்பதுல முப்பது சரியா இருந்தா பாஸ்."

"நாப்பதா!" கழுத்திலிருந்து நெற்றி வரை சிவப்பு ஏறியது. "நான் என் ரெண்டாவது பிள்ளைய வயித்துல வெச்சுக்கிட்டு நூறு கேள்வி எழுதினேன். எந்த மடையன் போட்ட சட்டம் இது? எங்க தொகுதிப் பிரதிநிதி நம்பர் எங்க?" மேசையில் காகிதங்களைத் துழாவ ஆரம்பித்தார்.

"அதுக்கு ஒரு நிபந்தனை இருக்குன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"என்ன நிபந்தனை?" பேனாவையே எடுத்துவிட்டார். "சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எனக்கும் மறந்துபோச்சு" என்று வெர்லீன் எழுந்தார்.

கதவருகே நான் திரும்பி, "மேடம், நீங்க அவங்களைப் பத்தி மொட்டைக் கடிதம் எதுவும் எழுதலையே?" என்றேன்.

"மொட்டைக் கடிதமா? முப்பது வருஷமா என் போட்டோ இல்லாம ஒரு துண்டுச் சீட்டுகூட நான் அனுப்பினதில்ல!"

காரில் ஏறியதும் நான் வாயைத் திறப்பதற்குள் வெர்லீன் சொன்னார். "இவ இல்ல. இங்கயே படிச்சு உரிமம் வாங்கினவங்களுக்கு அந்த நாலு மாச விதி தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய தேவையே இல்ல. கடிதத்துல அந்த விதி வரிக்கு வரி இருக்கு. வெளிமாநிலத்துலேருந்து மனு போடறவங்கதான் அதைப் படிப்பாங்க."

"அப்ப லெனோராவேதான் எழுதினாங்களா? சொந்தக் காசுல சூனியமா?"

"கடைசிப் பத்திய படி."

படித்தேன். "'தினமும் இரவு ஒன்பது வரை கீழ் அறையில் விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல்துறைப் பாலத்தின் கடைசி வரை தனியாக நடப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு நப் மீன்கடையில், ஓர மேசையில் உட்கார்ந்து வறுத்த மடவை மீன் சாப்பிடுவார்.'" நிறுத்தினேன். "சும்மா அளக்கறான் பாஸ். ஆறு மணிக்கு அங்க மீன் கிடையாது."

"என்ன சொன்னே?"

"வெள்ளிக்கிழமை நப்புக்கு பவுலிங் ஆட்டம். அஞ்சரைக்கு ஷட்டரை இறக்கிட்டு ஓடிடுவான். ஆறு மணிக்குப் போனா பூனைதான் இருக்கும். நான் எத்தனை வெள்ளிக்கிழமை அந்தப் பூனைய மட்டும் பாத்துட்டுத் திரும்பி வந்திருக்கேன் தெரியுமா?"

வெர்லீன் நடுரோட்டில் வண்டியைத் திருப்பினார். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துப்பு கொடுத்தது என் வயிறு, பெயர் வாங்கப்போவது அவர் மூளை. வயிற்றெரிச்சலில் இதுவும் ஒரு வகை.

நப் எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனிதர், கடையும் பவுலிங்கும் போக வேறு எதற்கும் நேரமில்லாதவர்.

வெர்லீன் லெனோராவின் படத்தைக் காட்டினார். "இந்தம்மா போன அக்டோபர்லேருந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இங்க வந்து சாப்பிடுவாங்களா?"

"இந்தச் செவப்பு முடியா? மார்ச்சுக்கு அப்புறம்தான் பாக்கறேன். அதுவும் கட்டிக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போயிடும்."

"அப்ப அந்த ஓர மேசை?"

"அதுல ஒரு நெட்டை மனுஷன். தொப்பி போட்டுருப்பாரு. அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும் ஒரு வெள்ளி தவறல. எப்பவும் தனியா." நப் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "தங்கமான மனுஷன். ஆனா வாராவாரம் ஒரே தகராறு. வாட்ச்சைப் பாத்து 'ஆறாச்சு, போன் பண்ணணும்'பாரு. நான், 'யோவ், அஞ்சுதான்யா ஆச்சு, சாப்பிட்டுட்டு பண்ணு'ம்பேன். 'இங்க அஞ்சு. என் பொண்டாட்டிக்கு இப்ப ஆறு'ம்பாரு. லெக்சிங்டன் நம்மள விட ஒரு மணி நேரம் முன்னாடியாமே. அவ நேரத்துலயே வாட்ச்சை வெச்சிருந்தாரு."

நான் வெர்லீனைப் பார்த்தேன். வெர்லீன் என்னைப் பார்க்கவில்லை. என் நாக்கில் பீன்ஸ் சூப்பின் ருசி வந்தது. பன்னெண்டாச்சு என்று சொல்லி அந்த ஆள் எனக்குச் சாப்பாடு போட்டபோது மணி பதினொன்றுதான்.

"ட்யூயி" என்றார் வெர்லீன் மெதுவாக, "அந்தக் கடிதத்துல இருக்கறது லெனோரா இல்ல. ஹார்லன் தன் வாட்ச் நேரத்துலயே தன் குளிர்காலத்தை எழுதி, பேரை மட்டும் மாத்திட்டார்."

நப்பை அப்படியே காரில் அள்ளிப்போட்டு நோட்டரி முன்னால் உட்காரவைத்து, பார்த்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஓர மேசையில் யார், எந்த நாள் முதல் எந்த நாள் வரை. லெனோராவின் உரிமத்துக்கு அது போதும். அவர் வீட்டுக்கு அது போதுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீருக்குள் நீண்டிருந்த மரத்துறையில் ஹார்லன் தூண்டிலுக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை அசைத்தார்.

"மார்வெல்லா ஒத்துக்கிட்டாளா?"

"மணி என்ன ஹார்லன்?" என்றார் வெர்லீன்.

அவர் வாட்ச்சைப் பார்த்தார். "ஆறாகப் போவுது."

நான் என் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினேன். நாலு ஐம்பத்தெட்டு. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூண்டில் நூல் கையிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தது.

"இருபது வருஷம் பரீட்சை ஹால்ல நின்னவ நான்" என்றார் வெர்லீன். "ஒண்ணு சொல்றேன். விதிமுறைய எல்லாரும்தான் படிப்பாங்க. பாஸானவங்க மறுநாளே மறந்துடுவாங்க. ஃபெயிலானவங்கதான் வரிக்கு வரி மனப்பாடமா வெச்சிருப்பாங்க. நீங்களும் மனு போட்டீங்க இல்லையா?"

ஹார்லன் குனிந்து தூண்டில் பெட்டியைத் திறந்தார். புழுவும் முள்ளும் இருந்த மேல்தட்டைத் தூக்கினார். அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். மாநில உரிமத் துறையின் மறுப்புக் கடிதம். மடிப்பு கிழியும் அளவுக்குப் பிரித்துப் பிரித்துப் படித்திருந்தார்.

"அதே வாரம்" என்றார். "அவ அங்கேருந்து போட்டா, நான் இங்கேருந்து போட்டேன். அவளுக்கு வந்துருச்சு. எனக்கு, நீங்க நாலு மாசம் இங்க குடியிருந்துட்டீங்க, அந்த வழி உங்களுக்குக் கிடையாது, முதல்லேருந்து க்ளாஸ் போங்கன்னு வந்துச்சு. அவளுக்காகத்தான் முன்னாடி வந்தேன்! அவ வர்றதுக்குள்ள சுவருக்குப் பெயின்ட் அடிச்சு, கூரை மாத்தி..." அந்தக் காகிதத்தைத் திரும்ப மடித்தார். "போர்டை மண்ணுல எப்படி நடணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். வீடு வாங்க வர்றவன்கிட்ட எப்பப் பேசணும், எப்ப வாய மூடணும், எல்லாம் நான். இப்ப பத்தொம்பது வயசுப் பசங்களோட பெஞ்சுல உக்காரணுமா? அவகிட்ட ரிட்டயராயிட்டேன்னு சொன்னேன். அவளும் சரின்னுட்டா. ஒரு வார்த்தை கேக்கல. மறு வாரமே போர்டு அடிச்சுட்டு வந்தா. அவ மட்டும். சிரிச்சுக்கிட்டு."

"அதனால உரிமத்தையே பறிச்சுடலாம்னு நினைச்சீங்களா?" என்றேன். என் குரலில் நான் எதிர்பார்த்த கிண்டல் வரவில்லை.

"இல்லப்பா. அவளும் க்ளாஸுக்குப் போகணும்னு ஆயிடும், ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காரலாம்னு நினைச்சேன். பொய் உறுதிமொழி, கென்டக்கி உரிமம், இதெல்லாம் வரும்னு சத்தியமா தெரியாது. சத்தியப் பத்திரம் எழுதிக் குடுத்தேனே, அது எடுபடும்னு நினைச்சேன்."

"எடுபடாதுன்னு நீங்களே சொன்னீங்க" என்றார் வெர்லீன். "சூப் ஊத்தும்போது."

மரப்பலகை கிறீச்சிட்டது. ஒரு வீட்டைக் காட்டிவிட்டு வந்த லெனோரா, கையில் ஒரு புதுப் பலகையோடு மரத்துறையின் ஆரம்பத்தில் நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று வெர்லீன் ஹார்லனிடம் கேட்டார்.

அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். "அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன், லெனி."

லெனோரா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வெர்லீனின் கையிலிருந்த நப்பின் சாட்சியத்தை வாங்கி நின்றபடியே படித்தார். 'என் பொண்டாட்டிக்கு இப்ப ஆறு' என்ற வரி வந்த இடத்தில் நின்றார் என்று அவர் கண்ணைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் மேலே படித்தார். பிறகு மறுப்புக் கடிதத்தைப் படித்தார். இரண்டையும் மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

"இந்தப் போர்டை அடிக்கக் குடுத்தப்போ கடைக்காரன் என்னைத் திட்டினான்" என்றார். "காசு குடுத்துட்டு ஏம்மா பாதிய வெத்தா விடறே, மூஞ்சிய நடுவுல பெருசா போடலாமேன்னான். இருக்கட்டும்னேன். நீ ரிட்டயர்னு சொன்னதை நான் ஒரு நிமிஷம்கூட நம்பல. ரோஷம் அடங்கினதும் நீயா வருவேன்னு இருந்தேன்." பலகையை அவர் முன்னால் சாய்த்து வைத்தார். "பாரு. நல்லா பாரு. அது உன் இடம்."

வலது ஓரத்தில் சிரிக்கும் லெனோரா. இடது பாதி வெள்ளை. பழைய பலகையில் ஹார்லன் நின்ற அதே பக்கம். கத்துக்குட்டி அச்சடித்தவன் இல்லை, நான்தான்.

ஹார்லன் அந்த வெள்ளையைத் தொடப் போனார். லெனோரா பலகையை இழுத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு க்ளாஸ் ஆரம்பிக்குது. எட்டுன்னா இங்கத்து எட்டு. அறுபத்து மூணு மணி நேரம் உக்காரு, நூறு கேள்வி எழுது. பாஸானா இந்த இடத்தைப் பத்திப் பேசலாம். பேசலாம்னுதான் சொல்றேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வேற வீடு பாத்துக்கோ. தனியா இருந்து பழக்கம்தானே உனக்கு." திரும்பி நடந்தார். பாதித் தூரத்தில் நின்றார். "வாடகைக்கு வேணும்னா என்கிட்ட வராதே. மார்வெல்லாவுக்குப் போன் பண்ணு."

கதவு சாத்திக்கொண்டது. ஹார்லன் நெடுநேரம் அந்தக் கதவையே பார்த்தார். பிறகு வாட்ச்சின் திருகைப் பிடித்து முள்ளைப் பின்னால் தள்ளினார். ஒரு சுற்று, ஒரு மணி நேரம்.

திரும்பும் வழியில் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. வெர்லீன் இரண்டு முறை திரும்பிப் பார்த்து உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். எங்கள் கண்ணாடிக் கதவின் முன்னால் சாவியைப் போட்டுத் திறக்கும்போது அந்த ஒரு சாண் காலி இடம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதை ஏன் காலியாக விட்டு வைத்திருக்கிறார் என்று இத்தனை நாளில் நான் அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.